வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: சர்க்கரை தாழும்போது உடல் காட்டும் அடையாளங்கள்

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துபோவதைப் பற்றி இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்களிலிருந்து பல கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை விடுத்து ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

*

கேள்வி (பாம்பன்): என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். வயது 46. காலையும் இரவும் 30/70 இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் வாரத்தில், இறாலையும் சங்காயத்தையும் (விலைபோகாத சிறு மீன்களையும்) பிரிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே கூடையில் அள்ளிப் போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டவர்களைக் கண்டபடி திட்டியிருக்கிறார். பிறகு கூடையைப் பார்த்தபடியே நின்றாராம். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்திருக்கிறார்கள். அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. படகிலேயே போட்ட இனிப்புத் தேநீரைக் குடித்துக் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். இது சர்க்கரை இறங்கியதால் வந்ததா? அப்படியானால் எல்லோரும் சொல்லும் நடுக்கமும் வியர்வையும் ஏன் வரவில்லை?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சர்க்கரை தாழ்ந்ததே காரணமாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் விரலைக் குத்திப் பார்த்திருந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றாலும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் வழக்கத்துக்கு மாறாக நடந்து, இனிப்பு உள்ளே போனதும் தெளிந்துவிட்டார் என்றால் வேறெதையும் நினைப்பதற்கு முன் இதைத்தான் நினைக்க வேண்டும்.

இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அதைத் தாழ்நிலை என்கிறோம். 54க்குக் கீழே போனால் உடனடியாகக் கவனிக்க வேண்டிய நிலை. எண் எதுவானாலும், பிறர் கைகொடுக்காமல் ஒருவர் தானாக மீள முடியவில்லை என்றால் அது மிகக் கடுமையான தாழ்நிலைதான். உடல் இதை இரண்டு கட்டமாக அறிவிக்கிறது. முதல் கட்டத்தில், சர்க்கரை இறங்குவதை உணர்ந்த உடல் அட்ரினலின் போன்ற சுரப்புகளை வெளிவிட்டு நரம்புகளை முடுக்குவதால், கை உதறல், நெஞ்சுப் படபடப்பு, குப்பென்று கொட்டும் வியர்வை, அகோரப் பசி, காரணமில்லாத பயம், உதட்டைச் சுற்றி மதமதப்பு ஆகியவை தோன்றும். இரண்டாவது கட்டம் மூளைக்குச் சர்க்கரை போதாமல் வருவது: கவனம் சிதறுதல், எளிய வேலையில் தடுமாற்றம், எரிச்சல், பேச்சுக் குழறல், பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், அதையும் கடந்தால் வலிப்பு, நினைவிழப்பு. உங்கள் கணவர் கூடையைப் பார்த்தபடி நின்றது இந்த இரண்டாவது கட்டம்.

முதல் கட்டம் அவருக்கு வராமல் இருந்திருக்காது. வந்ததை யாரும் அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். வலையை ஏற்றி மீன் பிரிக்கும் நேரத்தில் படகில் உள்ள எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. எல்லோருக்கும்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. புத்தகங்களில் முதலில் எழுதப்படும் அடையாளங்களை வெயிலும் உழைப்பும் மறைத்துவிடும் தொழில் இது. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உழைப்பால் வரும் வியர்வை, நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் சில நிமிடங்களில் அடங்கும். அப்போது தோல் சூடாக இருக்கும். சர்க்கரை தாழ்ந்து வரும் வியர்வை உட்கார்ந்த பிறகும் நிற்காது. தொட்டுப் பார்த்தால் நெற்றியும் பிடரியும் சில்லென்று பிசுபிசுக்கும், முகம் வெளுத்திருக்கும். படகில் கூட இருப்பவர் கையை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த செய்தி, இது தடைக்காலம் முடிந்த முதல் வாரத்தில் நடந்தது என்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த இரண்டு மாதங்களில் உடலுழைப்பு குறைவதால் சர்க்கரை ஏறுகிறது. பரிசோதனைக்குப் போனால் இன்சுலின் அளவைக் கூட்டித் தருகிறார்கள். அது சரியான சிகிச்சைதான். ஆனால் ஜூன் 15க்குப் பிறகு, கூட்டிய அதே அளவைப் போட்டுக்கொண்டு முழு உழைப்புக்குத் திரும்பினால், உழைக்கும் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தாமாகவே இழுத்துக்கொள்ள, இன்சுலினும் தன் பங்குக்கு இறக்கும். கடும் உழைப்பின் இந்த விளைவு அன்றோடு போய்விடாமல் மறுநாள் வரைகூட நீளலாம். ஆகவே தொழில் தொடங்குவதற்கு முந்திய வாரத்திலேயே மருத்துவரிடம் போய், "தடைக்காலம் முடிகிறது, கடலுக்குப் போகப் போகிறேன், அளவைக் குறைக்க வேண்டுமா?" என்று கேட்டுவிடச் சொல்லுங்கள். மருத்துவருக்கு மீன்பிடித் தொழிலின் நாள்காட்டி தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

இன்னும் ஒன்று. 30/70 என்பது இருவகை இன்சுலின் சேர்ந்த கலவை. அதில் 30 பங்கு குறுகிய நேரம் வேலை செய்வது. போட்டு இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் அதன் வேகம் உச்சத்துக்கு வரும். மீதி 70 பங்கு மெதுவாகத் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்குப் பிறகு உச்சம் கண்டு, அரை நாளுக்கும் மேல் நீடிக்கும். விடியற்காலையில் வீட்டில் ஊசியைப் போட்டுவிட்டு, சாப்பாட்டைப் படகில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புவது பலருக்கும் பழக்கம். கலவை இன்சுலினைப் போட்டால் சுமார் அரை மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். பாடு பார்த்துவிட்டு, அதாவது வலையை இழுத்து மீனை எடுத்துவிட்டு, சாப்பிடலாம் என்று இரண்டு மணி நேரம் தள்ளிப் போடும் நாளில் இன்சுலின் தன் உச்சத்தில் இருக்கும், வயிறு காலியாக இருக்கும். சாப்பாடு கையில் இருக்கும்போதுதான் ஊசி என்பதை மாற்றவே கூடாது. வலைவேலையில் அதிகம் உழைக்கும் கையிலோ தொடையிலோ போட்டால் மருந்து வேகமாக இரத்தத்தில் கலக்கும். கடலுக்குப் போகும் நாளில் வயிற்றில் போட்டுக்கொள்வது நல்லது.

சக தொழிலாளர்களிடம் மறைக்க வேண்டாம். குறைந்தது படகை ஓட்டுபவருக்கும் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "நான் காரணமில்லாமல் கோபப்பட்டால் என்னோடு வாதாடாதீர்கள், குளுக்கோஸைக் கரைத்துக் கொடுங்கள்" என்று அவரே முன்கூட்டிச் சொல்லி வைக்கட்டும். தாழ்நிலையில் இருப்பவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று அடித்துச் சொல்வார். கொடுப்பதைத் தட்டிவிடவும் செய்வார். அந்த மறுப்பும் நோயின் அடையாளமே. அவர் தனியாகச் சுக்கானைப் பிடிப்பதை, இந்தத் தொந்தரவு கட்டுக்குள் வரும்வரை தவிர்க்க வேண்டும்.

*

கேள்வி (இராமேசுவரம் தீவு): நான் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கப் போகிறவள். இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். தண்ணீருக்குள் இருக்கும்போது சில நாள் உடம்பு வெடவெடக்கிறது. அது குளிரா, சர்க்கரையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தண்ணீருக்குள் இருந்துகொண்டு தெரிந்துகொள்ள முடியாது என்பதே உண்மை. உடம்பு முழுவதும் நனைந்திருக்கையில் வியர்வை தெரியாது. நடுக்கத்தைக் குளிர் என்று நினைப்பதும் இயல்பு. மூச்சடக்கி மூழ்குவதால் நெஞ்சு படபடப்பதும் அன்றாட அனுபவம். ஆகவே உங்களுக்கு நடுக்கத்தையும் படபடப்பையும் நம்ப வேண்டாம் என்றே சொல்வேன். வேறு சிலவற்றைக் கவனியுங்கள்: உதடும் நாக்கு நுனியும் மரத்தல், வழக்கமாகப் பறிக்கும் கை பாசியைத் தவறவிடுதல், கண்ணுக்கு எதிரே பூச்சி பறத்தல், எந்தப் பக்கம் கரை என்று ஒரு கணம் குழம்புதல். இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த முறை மூழ்காதீர்கள்.

நடைமுறையில், தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒரு முறை விரல் குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். 100க்குக் கீழே இருந்தால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். 70க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு முதல் வேலை அதைச் சரிசெய்வதுதான். கூட வரும் பெண்களில் ஒருவர் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். குளுக்கோஸ் பொட்டலத்தைத் திருகுமூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காகிதப் பொட்டலமாகவே கொண்டுபோனால் ஈரத்தில் கட்டியாகிவிடும்.

*

கேள்வி (தொண்டி): சர்க்கரை இறங்கினால் எதைக் கொடுப்பது? ஒருவர் சாக்லேட் என்கிறார், ஒருவர் இளநீர் என்கிறார், எங்கள் வீட்டில் கருப்பட்டி கொடுக்கிறோம்.

பதில்: வேகமாக இரத்தத்தில் ஏறுவதைக் கொடுக்க வேண்டும், அதையும் அளந்து கொடுக்க வேண்டும். குளுக்கோஸ் பொடி மிகச் சிறந்தது. மூன்று தேக்கரண்டி குவித்து எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் கரைத்தால் சுமார் 15 கிராம் ஆகும். அது இல்லையென்றால் அதே அளவு வெள்ளைச் சர்க்கரை. 15 நிமிடம் பொறுத்து மறுபடி விரல் குத்திப் பாருங்கள். 70ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். தாண்டிய பிறகு, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொஞ்சம் சோறோ இட்லியோ ரொட்டியோ சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஏறியது மறுபடி இறங்கிவிடும். கருவி கையில் இல்லாத இடத்தில், அடையாளம் தெரிந்தாலே இனிப்பைக் கொடுத்துவிடுங்கள். தாழ்நிலை இல்லாதவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரை பெரிய கேடு செய்யாது. தாழ்நிலையில் இருப்பவரைக் காக்க வைப்பது கேடு செய்யும்.

சாக்லேட்டிலும் கடலை மிட்டாயிலும் உள்ள கொழுப்பு, சர்க்கரை குடலிலிருந்து ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது. பிஸ்கட்டும் அப்படியே. இளநீர் நல்ல பானம்தான். ஆனால் ஒரு காயில் இருக்கும் சர்க்கரை இந்த வேலைக்குப் பெரும்பாலும் போதாது. பதநீர் இனிப்பானது, ஆனால் மரத்துக்கு மரம், நேரத்துக்கு நேரம் அதன் இனிப்பு மாறும் என்பதால் அளந்து கொடுக்க முடியாது. வேறெதுவும் இல்லாவிட்டால் ஒரு டம்ளர் கொடுக்கலாம்.

கருப்பட்டிக்கு வருவோம். அது பெரும்பாலும் கரும்புச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். தட்டிப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் வேலை செய்யும். கட்டியாக வாயில் போட்டு மெல்லச் சொன்னால் நேரமாகும், தடுமாற்றத்தில் இருப்பவருக்குப் புரைக்கேறும். சாதாரண நாளில் "கருப்பட்டிதானே, சர்க்கரையைக் கூட்டாது" என்று தாராளமாகக் காப்பியில் போட்டுக்கொள்பவர்களே, தாழ்நிலை வந்தால் "கருப்பட்டி கொடு, உடனே ஏற்றும்" என்று சொல்வதை நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறேன். இரண்டில் பின்னதுதான் உண்மை.

இன்சுலினோடு அகார்போஸ் அல்லது வோக்ளிபோஸ் மாத்திரையும் சாப்பிடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த மாத்திரைகள் சுக்ரோஸ் குடலில் உடைவதையே தடுத்து வைப்பவை. அதனால் சர்க்கரையும் கருப்பட்டியும் அவர்களுக்கு உடனடியாக உதவாது. குளுக்கோஸ் பொடி மட்டுமே உதவும். உங்கள் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயத்தில் அரைப் பாக்கெட் குளுக்கோஸையும் கரைத்துக் குடிக்க வைப்பதும், பிறகு 300க்கு ஏறிவிட்டது என்று கூடுதல் ஊசி போடுவதும், அதனால் மறுபடி இறங்குவதும் பல வீடுகளில் நடக்கிறது. அளவு 15 கிராம், பொறுமை 15 நிமிடம்.

*

கேள்வி (தேவிபட்டினம்): என் தந்தைக்கு வயது 61. பல வருடங்களாக இன்சுலின். சில இரவுகளில் நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்து புரியாமல் பேசுகிறார், விழிக்கிறார், கேட்டால் பதில் இல்லை. காலையில் எதுவும் நினைவில்லை, தலைவலிக்கிறது என்கிறார். காற்றுக் கருப்பு என்று திருநீறு போட்டு மந்திரித்தோம். அன்றிரவும் அப்படியே.

பதில்: திருநீறு பூசுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பூசுவதற்கு முன் விரலைக் குத்திப் பாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் போடும் கலவை இன்சுலினின் மெதுவான பகுதி உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் நள்ளிரவுக்கும் பின்னிரவு மூன்று மணிக்கும் இடையில்தான். தூக்கத்தில் உடலின் எச்சரிக்கைகள் மழுங்கியிருக்கும். அதனால் முதல் கட்ட அடையாளங்களைத் தாண்டி நேராகக் குழப்பத்தில் போய் நிற்பார்கள். தலையணை உறையும் பனியனும் நனைந்திருத்தல், கெட்ட கனவு, தூக்கத்தில் அலறல், எழுந்ததும் தலைவலி, தூங்கியும் தீராத அசதி ஆகியவை இரவில் சர்க்கரை தாழ்ந்து போனதற்கான தடயங்கள். ஒன்றிரண்டு இரவுகள் அலாரம் வைத்துப் பின்னிரவு மூன்று மணிக்குப் பார்த்து, எண்களைத் தேதியோடு எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். படுக்கும்போது 100க்குக் கீழே இருந்தால் சிறிது பாலும் ஏதாவது சிற்றுணவும் கொடுத்துப் படுக்க வையுங்கள். இரவு ஊசியைக் குறைப்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். வீட்டில் நிறுத்திவிட வேண்டாம்.

மது அருந்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு இரவு இன்னும் ஆபத்தானது. சாப்பிடாத நேரத்தில் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்து இரத்தத்தில் விடுவதை மது தடுக்கிறது. மாலையில் குடித்துவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டு படுப்பவரை, காலையில் போதை தெளியட்டும் என்று விட்டுவிடுவது உயிரைப் பறித்துவிடலாம்.

உங்கள் தந்தை எழுப்பியும் எழவில்லை, விழுங்க முடியவில்லை, அல்லது வலிப்பு வருகிறது என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தண்ணீரோ சர்க்கரைக் கரைசலோ மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108ஐ அழையுங்கள், இன்சுலின் போடுபவர் என்பதை அழைப்பிலேயே சொல்லுங்கள். மருத்துவமனையில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் என்ற ஊசி மருந்து வீட்டிலேயே போடக்கூடியது. பெரியவர்களுக்கு 1 மில்லிகிராம். சிறிய ஊர்களின் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்காது. முன்பே சொல்லி வரவழைத்து வைத்திருந்தால், ஊரிலிருந்து மருத்துவமனை தொலைவில் உள்ளவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

*

கேள்வி (சாயல்குடி): என் அம்மாவுக்கு 68 வயது. இன்சுலினோடு இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நாள் கருவியில் 48 என்று காட்டியது. அவரோ ஒன்றுமே தெரியவில்லை என்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கருவி தவறா?

பதில்: தவறாக இருக்கலாம். கைகழுவித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பெரும்பாலும் கருவி சரியாகத்தான் இருக்கும்; உங்கள் அம்மாவின் எச்சரிக்கை மணிதான் ஓய்ந்துபோயிருக்கும்.

நலமாக உள்ள ஒருவருக்குச் சர்க்கரை இறங்கத் தொடங்கினால், கணையம் இன்சுலினை நிறுத்துகிறது, குளுக்ககானைச் சுரக்கிறது, அட்ரினலினும் வருகிறது. வெளியிலிருந்து போட்டுக்கொண்ட இன்சுலினை நிறுத்த வழியில்லை. உடலில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காத முதல் வகை நீரிழிவில் சில ஆண்டுகளிலேயே குளுக்ககானும் சரிவர எழுவதில்லை. நெடுநாளாக இன்சுலின் தேவைப்படும் இரண்டாம் வகையினருக்கும் இந்நிலை வரலாம். மிஞ்சுவது அட்ரினலின் மட்டுமே. சர்க்கரை அடிக்கடி தாழ்ந்துகொண்டே இருந்தால் அந்த அட்ரினலினும் பழகிப்போய், முன்பு 65இல் வந்த படபடப்பு 50இல்கூட வராமல் போகும். அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் தெரிவதே குழப்பமும் மயக்கமுமாக இருக்கும். நல்ல செய்தி என்னவென்றால், சில வாரங்கள் சர்க்கரை தாழாமலே பார்த்துக்கொண்டால் இந்த உணர்வு பலருக்கும் ஓரளவாவது திரும்பி வருகிறது. அதற்காக அவருடைய இலக்கு எண்களை மருத்துவர் கொஞ்சம் உயர்த்தித் தருவார். 68 வயதில் 110ஐ எட்டிப் பிடிக்க ஓடுவதைவிட 48க்குப் போகாமல் இருப்பது முக்கியம்.

இரத்த அழுத்த மாத்திரையின் பெயரைப் பாருங்கள். புரோப்ரனலால், அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்றவை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைக்கக்கூடியவை. வியர்வையை அவை மறைப்பதில்லை. எனவே உங்கள் அம்மாவுக்கு, காரணமில்லாத வியர்வை ஒன்றே நம்பத்தகுந்த அடையாளமாக இருக்கலாம். இதயத்துக்காகத் தரப்பட்ட மாத்திரையாக இருக்கும் என்பதால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடலில் கூடுதல் நேரம் தங்கும், பழைய அளவே அதிகமாகிவிடும்.

வயதானவர்களுக்குத் தாழ்நிலை வேறு வேடங்களிலும் வரும். ஒரு பக்கம் கை கால் விழுந்து பக்கவாதம் போலத் தெரியலாம். "அம்மாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது" என்று வீட்டில் பேசிக்கொள்ளும் அளவுக்குத் தடுமாற்றம் வரலாம். நடக்கும்போது விழுந்து இடுப்பு முறிந்த பிறகு, விழுந்ததன் காரணத்தை யாரும் தேடுவதில்லை.

பனையேறும் தொழில் நடக்கும் உங்கள் பகுதிக்கு ஒரு வார்த்தை: இன்சுலின் போட்டுக்கொண்டு மரம் ஏறுபவர்கள், ஏறுவதற்கு முன் பார்க்காமல் ஏறவே வேண்டாம். மரத்தின் மேல் வரும் ஒரு நிமிடக் கிறுகிறுப்புக்கு மருத்துவத்தில் மருந்தில்லை.

*

கேள்வி (மூக்கையூர்): எனக்குச் சர்க்கரை 120 இருக்கும்போதே படபடப்பும் பசியும் வருகின்றன. இதுவும் தாழ்நிலையா?

பதில்: இல்லை. பல மாதங்கள் 300க்கு மேலே இருந்து பழகிய உடல், சிகிச்சை தொடங்கி 120க்கு வரும்போது அதையே பஞ்சமாக எண்ணி அலறுகிறது. சில வாரங்களில் அடங்கும். ஒவ்வொரு முறையும் இனிப்பைச் சாப்பிடாமல், விரல் குத்திப் பார்த்துவிட்டு, 70க்கு மேலே இருந்தால் வழக்கமான உணவை மட்டும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

*

கேள்வி (கீழக்கரை): இன்சுலின் போட்டுக்கொண்டு ரமலான் நோன்பு வைக்கலாமா? சர்க்கரை இறங்குவதை நோன்பு நேரத்தில் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. கடந்த மூன்று மாதங்களில் கடுமையான தாழ்நிலை வந்தவர்கள், தாழ்வதை உணர முடியாதவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் பெரிதும் தளர்ந்தவர்கள் ஆகியோருக்கு நோன்பு வேண்டாம் என்றே மருத்துவம் சொல்லும். நோயாளிகளுக்கு மார்க்கத்தில் உள்ள சலுகையை நீங்கள் அறிவீர்கள். உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் நோன்பு தொடங்குவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டின் நேரம் தலைகீழாக மாறுவதால் ஊசியின் அளவும் நேரமும் மாறியாக வேண்டும். ஸஹர் (விடியலுக்கு முந்திய உணவு) நேர ஊசியைப் பெரும்பாலும் குறைப்பார்கள்.

நோன்பாளிக்கு அசதி, பசி, தலைவலி இயல்பு என்பதால் அடையாளங்களை நம்பி இருக்க முடியாது. எண்ணைத்தான் நம்ப வேண்டும். விரல் குத்திப் பார்ப்பது நோன்பை முறிக்காது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. முற்பகலிலும், அஸர் என்னும் மாலைத் தொழுகைக்குப் பிறகும், உடல் ஏதாவது சொல்வதாகத் தோன்றும் போதெல்லாமும் பாருங்கள். 70க்குக் கீழே வந்தால் நோன்பை உடனே முடித்துவிட வேண்டும். பாங்குக்குப் பத்து நிமிடம்தானே இருக்கிறது என்று பொறுப்பவர்களே மயங்கிய நிலையில் வருகிறார்கள். 300க்கு மேலே போனாலும் முடித்துவிட வேண்டும். ஸஹர் உணவைத் தவறவிட்ட நாளில் நோன்பு வைக்கக் கூடாது.

*

கேள்வி (மண்டபம்): முதல் வகை நீரிழிவு உள்ள எங்கள் எட்டு வயது மகள் பள்ளிக்கூடத்தில் என்ன அடையாளம் காட்டுவாள்?

பதில்: குழந்தைகள் "படபடப்பாக இருக்கிறது" என்று சொல்ல மாட்டார்கள். முகம் வெளுக்கும், சிணுங்குவார்கள், விளையாட்டிலிருந்து விலகி உட்காருவார்கள், மேசையில் தலை சாய்ப்பார்கள், எழுத்து கோணலாகும். வகுப்பாசிரியருக்கு ஒரு தாளில் இவற்றை எழுதிக் கொடுங்கள். குளுக்கோஸ் டப்பாவை ஆசிரியரின் மேசையிலேயே வைக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் பெரியவர்களுக்குச் சொன்ன அளவில் பாதி முதல் முக்கால் போதும். எடையைப் பார்த்து மருத்துவர் சொல்வார். சர்க்கரை இறங்கிய குழந்தையைத் தனியாக வீட்டுக்கோ, தலைமையாசிரியர் அறைக்கோ அனுப்பக் கூடாது. வேறு பிள்ளையைத் துணைக்கு அனுப்புவதும் போதாது.

*

கேள்வி (ஏர்வாடி): இதுவரை குப்பி மருந்தைச் சிரிஞ்சில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது வெளியூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த வேறு குப்பியைப் போட்டதிலிருந்து இரண்டு முறை சர்க்கரை இறங்கிவிட்டது. அதே பெயர், அதே 20 யூனிட்.

பதில்: குப்பியின் மேல் உள்ள எண்ணைப் படியுங்கள். நம் நாட்டில் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனா மருந்துகளும் வெளிநாட்டுக் குப்பிகளும் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை எடுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். உங்களுக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்கலாம். அந்தக் குப்பியை உடனே தனியே எடுத்து வையுங்கள். மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ குப்பியையும் சிரிஞ்சையும் ஒன்றாகக் காட்டுங்கள்.

வேறொரு வாய்ப்பும் உண்டு. பழைய குப்பி வெயிலில் கெட்டுப்போய் வீரியம் இழந்திருந்தால், சர்க்கரை இறங்கவில்லை என்று அளவைக் கூட்டியிருப்பீர்கள்; வீரியமுள்ள புதிய குப்பியில் அதே கூட்டிய அளவு அதிகமாகிவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் குப்பியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கலாம். மீனுக்குப் போடும் ஐஸ் பெட்டியில் வைக்கவே கூடாது. ஒரு முறை உறைந்த இன்சுலின் பயன்படாது. பயன்படுத்தத் தொடங்கிய குப்பியைப் பொதுவாக 28 நாள்களுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். 30/70 போன்ற கலங்கலான மருந்தானால், எடுப்பதற்கு முன் இரு உள்ளங்கைகளுக்கு இடையில் மெதுவாக உருட்டிக் கலக்குங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்துப்போன சதையில் போட்டாலும் மருந்து ஒரு நாள் மெதுவாகவும் ஒரு நாள் வேகமாகவும் ஏறும். இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

இனி எப்போதாவது அளவு தவறிக் கூடுதலாகப் போட்டுவிட்டது தெரிந்தால், அடையாளம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே சாப்பிடுங்கள், அரை மணிக்கொரு முறை பாருங்கள், பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கலவை இன்சுலினின் மெதுவான பகுதி அரை நாளுக்கு மேல் வேலை செய்யும் என்பதால், முதலில் இனிப்புக் கொடுத்து 150 ஆகிவிட்டது என்று பாதி வழியில் திரும்பி வந்துவிடக் கூடாது.